மாடக்கண்ணு நிறுத்திவைத்த இரண்டே முக்கால் மணி நேரம்

அச்சன்புதூருக்குப் போய் மாடக்கண்ணு வீடு எது என்று கேட்டால், "எந்த மாடக்கண்ணு?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஊக்கு மாடக்கண்ணு என்று சொல்லிப் பாருங்கள், வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போவார்கள். "தாயி, சேலையில ஊக்கு குத்தியிருந்தா கழட்டி இந்த டப்பாவுல போட்டுட்டு உள்ள வாங்க" என்று வருகிற பெண்களிடமெல்லாம் பதினேழு வருஷம் கேட்டதில் வந்த பெயர் அது. கேட்டதில் ஒரு கள்ளமும் கிடையாது. அதுதான் அவருடைய வேலை. ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

நிலபுலன் உள்ள குடும்பம்தான். இருந்தாலும் அந்த வீட்டில் ஆணாகப் பிறந்தவனுக்கு உழுவதில் பெருமை கிடையாது, உடுப்பு மாட்டுவதில்தான் பெருமை. மூத்தவர் முப்பிடாதி போலீஸில் சேர்ந்து சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். அடுத்தவர் ராணுவத்தில் இருந்தார். மூன்றாவது மாடக்கண்ணு. எழுத்துத் தேர்வில் அண்ணன்மார் இரண்டு பேரையும்விட நல்ல மார்க். ஆனால் உயரம் அளக்கிற கட்டையில் போய் நின்றால் ஒன்றரை சென்டிமீட்டர் குறையும். நாலு தடவை போனார், நாலு தடவையும் அதே ஒன்றரை. நாலாவது தடவை திரும்பி வந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தலையைக்கூடத் தூக்கவில்லை. "மூணாவது வெதை சொத்தை" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார். இன்றைக்கும் மாடக்கண்ணுவுக்கு ரசத்தைக் கண்டால் ஆகாது.

அப்படி வீட்டில் ஒரு மூலையில் கிடந்தவருக்கு 2007-இல் ஒரு வழி திறந்தது. வடக்கே ஏதோ ஒரு நகரத்து ஆராய்ச்சி நிறுவனம், பூமியின் காந்தத்தை அளக்க இடம் தேடி வந்தது. திசைகாட்டி முள் மேலேயும் சாயாமல் கீழேயும் சாயாமல் ஏறக்குறைய மட்டமாகப் படுத்துக்கிடக்கிற வட்டாரம் இது. உலகத்தில் இப்படிப்பட்ட இடத்தில் அளவெடுக்கிற நிலையங்கள் குறைவு. ரயில் தண்டவாளமும் பெரிய மின்கம்பியும் பக்கத்தில் இல்லாததால் இவர்கள் குடும்பத்துத் தென்னந்தோப்பின் மேற்கு ஓரம் அவர்களுக்குப் பிடித்துப்போனது. அங்கே ஒரு சின்ன அறை கட்டினார்கள். கருங்கல், சுண்ணாம்பு, தேக்குக் கதவு, செம்பு ஆணி, பித்தளைக் கீல். மருந்துக்குக்கூட இரும்பு கிடையாது. உள்ளே ஒரு கல்தூணில் கருவி. அதிலிருந்து ஒரு கம்பி, எழுபது அடி தள்ளி வாசல் கேட்டருகே இன்னொரு அறைக்கு வரும். அங்கே கம்ப்யூட்டர் திரையில், அந்த இடத்தின் காந்தம் எவ்வளவு இருக்கிறது என்று நொடிக்கு நொடி ஒரு கோடு ஓடும். கோடு ஓடுவதைப் பார்த்துக்கொள்ள, இரும்பு எதுவும் எல்லைக்குள் வராமல் காவல் காக்க ஒரு ஆள் வேண்டும். மாடக்கண்ணுவை எடுத்துக்கொண்டார்கள். ஒப்பந்த வேலைதான், உடுப்பும் கிடையாது. இருந்தாலும் அவர் அதைப் பிடித்துக்கொண்ட பிடி இருக்கிறதே, உடும்புப் பிடி.

சைக்கிள் கேட்டுக்கு வெளியே நிற்கும். பெல்ட் கட்டமாட்டார். செருப்பில் ஆணி இருக்கும் என்று வெறுங்காலோடு நடப்பார். சொந்த மச்சான் டிராக்டரை மடக்கிச் சண்டை போட்டு வேறு வழியாகத் திருப்பிவிட்டார். பார்க்க வருகிற கல்லூரிப் பிள்ளைகளிடம் அவர் சொல்லுகிற விளக்கத்தைக் கேட்க வேண்டுமே!

"சூரியன்ல இருந்து வெளிச்சம் மட்டுமா வருது? காத்தும் வருது. நம்ம மேல படுத காத்து இல்ல, மின்சாரம் ஏறுன துகள் காத்து. எந்நேரமும் வீசிக்கிட்டே இருக்கு. பூமிக்குள்ள இருக்க காந்தம் நம்மளச் சுத்தி ஒரு மதில் கட்டி வச்சிருக்கு. சூரியனைப் பாத்த பக்கம் மதில் அமுங்கிக் கெடக்கும், ராத்திரிப் பக்கம் வால் மாதிரி நீண்டுக்கிட்டே போவும். இந்தக் காத்து சும்மா வரல, தன் காந்தத்தையும் சுமந்துக்கிட்டு வருது. அது வடக்க பாத்து இருந்தா பெரும்பாலும் மதிலைத் தடவிக்கிட்டே போயிரும். தெக்க பாத்துத் திரும்பிச்சோ, போச்சு! நம்ம காந்த இழை வடக்க பாக்கும், அது தெக்க பாக்கும். ரெண்டும் முட்டி, அறுந்து, ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிடும். கதவு தொறந்தாச்சு."

இங்கே நிறுத்தி எல்லார் முகத்தையும் ஒரு சுற்று பார்ப்பார்.

"ஆனா உள்ள வந்த சக்தி நேரே நம்மகிட்ட வராது. கோத்துக்கிட்ட இழையை அந்தக் காத்து இழுத்துக்கிட்டே போயி, துருவத்துக்கு மேல வழியா பின்பக்கம் வாலுக்குக் கொண்டுபோவும். அங்கன சேரும், சேரும், இழுத்த ரப்பர் மாதிரி நிக்கும். தாங்காம ஒரு நேரம் பட்டுனு அறுந்து, துகளை எல்லாம் நம்ம பக்கமா வீசும். முன்வாசப் பூட்டை ஒடைச்ச கள்ளன் கொல்லைப்புறமா வீட்டுக்குள்ள வருதான், அப்படி வச்சுக்கிடுங்க. வந்த துகள் பூமியச் சுத்தி வளையமா ஓடும். அந்த ஓட்டத்துக்குன்னு ஒரு காந்தம் உண்டு, அது நம்ம காந்தத்துக்கு எதிரி. அப்போ நம்ம கோடு என்ன செய்யும்? எறங்கும். எம்புட்டு எறங்குதோ அம்புட்டுக்குச் சக்தி உள்ள வந்திருக்குன்னு அர்த்தம்."

இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஸ்ரீரஞ்சனி. மேலகரத்திலிருந்து எப்போதோ வடக்கே போய்விட்ட குடும்பத்துப் பெண், அந்த நிறுவனத்து விஞ்ஞானி. வயது முப்பத்து நாலு. வருஷத்துக்கு இரண்டு தடவை கருவியைச் சரிபார்க்க வருவாள், குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்குவாள். சூரியனில் வெடிப்பு நடந்து காற்று பலமாகக் கிளம்பினால், அது பூமிக்கு வருவதற்கு முன்னாலேயே மாடக்கண்ணுவுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிடுவாள். 2015-இல் ஒரு காந்தப் புயல் வந்தது. கோடு இருநூற்றுச் சொச்சம் புள்ளி இறங்கியது. அவர் பார்த்ததில் அதுதான் பெரிசு. "இதெல்லாம் பெரிசே இல்லண்ணா" என்றாள் பிற்பாடு வேலைக்குச் சேர்ந்த ஸ்ரீரஞ்சனி, அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு. "நெஜமான பெரிய புயல் ஒண்ணு இங்க அடிமட்டம் வரைக்கும் ஒடையாம பதிவானா, உலகமே நம்ம கோட்டை எடுத்து வச்சுப் பார்க்கும்."

அன்றிலிருந்து அவர் காத்திருந்தார். அண்ணன்மார் வீட்டுச் சுவரில் பதக்கமும் போட்டோவும் தொங்கின. மாடக்கண்ணுவுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு புயல்தான். அது வருகிற அன்றைக்குத் தன் காவலில் கோடு அறுபடாமல் ஓடிவிட வேண்டும். வேறு எதையும் அவர் வாழ்க்கையில் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை.

தோப்பின் கிழக்குப் பக்கம் குடும்பத்துச் சாமி சங்கிலிபூதத்தார் கோயில் இருக்கிறது. சித்திரைக் கடைசியில் கொடை என்கிற திருவிழா. 2024-இல் மே பத்து, வெள்ளிக்கிழமை. முப்பிடாதி ஓய்வு பெற்ற வருஷம், அதனால் சாமிக்கு ஒன்பது அடியில் ஒரு அரிவாள் நேர்ந்திருந்தார். பழைய சின்ன அரிவாள்கள் இரண்டும் எப்போதும் கோயிலடியில்தான் நிற்கும். இந்தப் பெரியதை, பந்தலை அகலப்படுத்தியதில், மேற்கே கொண்டுவந்து நிலையத்து வேலியை ஒட்டிக் குழி தோண்டிவிட்டார்கள். கருவி இருக்கிற கல் அறைக்கும் குழிக்கும் நூறு அடிகூட இருக்காது. மாடக்கண்ணு பார்த்ததும் பதறிப்போனார்.

"அண்ணே, அங்கிட்டு ஒரு அம்பதடி தள்ளி நடுங்க. இது எல்லை. அப்பா கையெழுத்துப் போட்டுக் குடுத்த எல்லை."

பந்தலில் சொந்தக்காரர்கள் அம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முப்பிடாதி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"ஏலே, சாமி எங்கன நிக்கணும்னு நீ அளந்து சொல்லுதியோ? ஒன்னையவே அளந்து பாத்துத்தானலே வெளிய அனுப்புனாங்க!"

பந்தல் சிரித்தது. மாடக்கண்ணுவின் மனைவி முத்துச்செல்விகூட வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை, சிரித்தாள் என்றே எடுத்துக்கொண்டார். அம்பத்தோரு வயதில் அம்பது பேர் முன்னால் அப்படி நின்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அன்று ராத்திரி மேளம் உச்சத்தில் இருந்தபோது, முப்பிடாதி போலீஸ்காரர் பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பத்தரை தாண்டிட்டு, நடுங்கலே" என்றார். அரிவாளை நட்டார்கள். சாமியாடி உடம்பில் அடித்துக்கொள்ளும் இரும்புச் சங்கிலியை அதன் கழுத்தில் மாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை கான்கிரீட் போடுவதாகப் பேச்சு. மாடக்கண்ணு ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு வந்து அறையைத் திறந்து திரையைப் பார்த்தார். ராத்திரி பத்து முப்பத்தைந்துக்குக் கோடு விருட்டென்று ஒரு குதி குதித்திருந்தது. அப்புறம் விழ ஆரம்பித்தது, விழுந்துகொண்டே இருந்தது. இறக்கம் முந்நூறைத் தாண்டிவிட்டது. இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

புயலாக இருக்குமோ என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லுகிற மனுஷன், தோன்றாமல் இருக்குமா? ஆனால் ஸ்ரீரஞ்சனியிடமிருந்து செய்தி வரவில்லையே! அவள் சொல்லாமல் எந்தப் புயலும் வந்தது கிடையாது. அவருடைய போன், கொடையை வீடியோ எடுப்பதற்காக வியாழக்கிழமையிலிருந்து மகள் அபியிடம்தான் இருந்தது. வெள்ளி காலையில்கூட, "ஏட்டி, மேடம் மெசேஜ் ஏதும் வந்திருக்கா?" என்று கேட்டார். அவள் பார்த்துவிட்டு, இல்லை என்று சொன்னாள். அப்போது வந்திருக்கவும் இல்லை. இப்போது அபி அசந்து தூங்குகிறாள், போன் சார்ஜ் தீர்ந்து அவள் தலைமாட்டில் செத்துக்கிடக்கிறது. அதைச் சார்ஜ் போட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை? அதைத்தான் அவர் இன்றைக்கும் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார். பத்து முப்பத்தைந்து! அண்ணன் கடிகாரம் பார்த்து நட்ட அதே நேரம். அந்த எண்ணைத் திரையில் பார்த்தபோது அவருக்கு வருத்தம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. மாட்டிக்கிட்டியா என்று வாய்விட்டே சொன்னார். அம்பது பேர் முன்னால் சிரித்தாயே, இப்போ அறிவியலே உன் அரிவாளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டது பார் என்கிற சந்தோஷம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை.

நிலையத்துப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் விதி எழுதியிருந்தது: எல்லைக்குள் இரும்பு வந்தது தெரிந்தால் பதிவை நிறுத்து, இரும்பை அகற்று, அப்புறம் தொடங்கு, நேரத்தை எழுது. பதினேழு வருஷத்தில் அந்த விதிக்கு வேலை வந்ததில்லை. ஆறரை மணிக்கு மாடக்கண்ணு பதிவை நிறுத்தினார்.

தோப்பில் எல்லாரும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார்கள். குழி மண் இன்னும் ஈரம். அரிவாளைக் கட்டிப்பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி, உருவியெடுக்க அரை மணி நேரம் ஆனது. நாற்பது கிலோவுக்குக் குறையாது. சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அரிவாளின் ஒரு முனையைத் தோளில் தாங்கி, மறுமுனை மண்ணில் கோடு கிழிக்க இழுத்துக்கொண்டு போனார். பால் கறக்கப் போன சங்கரேஸ்வரி எதிரே வந்தவள், மாடக்கண்ணுவுக்கு மருள் வந்துவிட்டது என்று நினைத்துச் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். அவர் நிற்கவில்லை. முந்நூறு அடி தள்ளி வாய்க்கால் பாலத்தடியில் கொண்டுபோய்க் கிடத்தினார். திரும்பி வந்து, கோயிலடியில் நின்ற சின்னதுகள் இரண்டையும் பிடுங்கினார். அது எப்போதும் அங்கேதான் நின்றது, பதினேழு வருஷமாக ஒரு தொந்தரவும் செய்ததில்லை. இருந்தாலும் பிடுங்கினார்.

கொடை இன்னும் முடியவில்லை. மத்தியானம் படையல் இருந்தது. எட்டரைக்குச் சனம் கூடிவிட்டது. முப்பிடாதி பாலத்தடிக்கு வந்து, சேற்றில் கிடந்த அரிவாளைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பூதத்தாரை வாய்க்கா மண்ணுல கெடத்திட்டியேலே... நீ வெளங்குவியா?"

"அண்ணே, நீங்க நட்ட நேரத்துல இருந்து மெஷின் எறங்குது. வாங்க, ஒங்க கண்ணாலயே பாருங்க."

ஒன்பதேகாலுக்கு, அண்ணனைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு, மாடக்கண்ணு பதிவைத் திரும்பத் தொடங்கினார். கோடு ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணுக்கு முன்னாலேயே ஏறியது.

"பாருங்கண்ணே! நட்டதும் எறங்குச்சு, எடுத்ததும் ஏறுது. பொய்யா சொல்லுதேன்?"

முப்பத்தாறு வருஷம் போலீஸில் சாட்சியும் தடயமும் பார்த்த மனுஷர் முப்பிடாதி. திரையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணன் தன் முன்னால் தலை குனிந்ததை மாடக்கண்ணு பார்த்தார். பதிவேட்டை எடுத்து, கொட்டை எழுத்தில், "இரும்புக் குறுக்கீடு. 6.30 முதல் 9.15 வரை பதிவு நிறுத்தம். இரும்பு அகற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அவர் சாப்பிட்ட காலைச் சோறு மாதிரி ஒரு சோறு அதற்குமுன் சாப்பிட்டதில்லை.

மத்தியானத்துக்கு மேலே கோடு மறுபடி இறங்க ஆரம்பித்தது.

முதலில் நம்பவில்லை. அரிவாள் வாய்க்காலில் கிடக்கிறது, சங்கிலி வாய்க்காலில் கிடக்கிறது. வேலியைச் சுற்றி ஓடினார். பந்தல்கால் ஏதும் சரிந்திருக்கிறதா, யாராவது பைக்கை உள்ளே விட்டுவிட்டார்களா என்று பார்த்தார். தன் இடுப்பைத் தடவிப் பார்த்தார். அரைஞாண் கயிற்றில் ஒரு சின்ன ஊக்கு கிடந்தது. அதைக் கழற்றி வெளியே வீசினார். கோடு இறங்கிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவருக்குப் போன் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு ஓடி, அபியிடம் போனை வாங்கிச் சார்ஜில் போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் திரைக்கு உயிர் வந்தது. அபி ராத்திரி அனுப்பியிருந்த பன்னிரண்டு வீடியோவுக்குக் கீழே, யாரும் திறக்காமல் ஸ்ரீரஞ்சனியின் செய்தி இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அனுப்பியது.

"அண்ணா, பெரிய புயல் வருது. இருபது வருஷத்துல இல்லாதது. அடுத்தடுத்து பல வெடிப்பு, எல்லாம் சேர்ந்து ராத்திரிக்குள்ள வந்து அடிக்கும்னு நினைக்கிறோம். என்ன ஆனாலும் ரெக்கார்டர் நிக்கக் கூடாது. நீங்க காத்திருந்தது வந்தாச்சு அண்ணா!"

கடைசியில் ஒரு சூரியன் படமும் போட்டிருந்தாள். மாடக்கண்ணு போனைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயோ, நானேல்லா கெடுத்துட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அபி பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டாள்.

போனில் ஸ்ரீரஞ்சனி முழுசும் கேட்டுக்கொண்டாள்.

"அண்ணா, இங்க மட்டும் இல்ல. உலகம் முழுக்க கோடு இறங்கிருக்கு. லடாக்ல வானம் செவப்பாத் தெரிஞ்சிருக்கு. நூறு அரிவாளை வேலியோரம் நட்டாலும் இவ்வளவு இறங்காது. கணக்குப் போட்டா உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே."

"தெரியும்மா. கணக்கு தெரியும்."

"நம்ம நேரத்துக்கு அடிமட்டம் வந்தது காலைல ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவுல."

அவர் நிறுத்தி வைத்திருந்த நேரம். பாலத்தடிக்கு அரிவாளை இழுத்துக்கொண்டு போன நேரம். சூரியனிலிருந்து கிளம்பி, கதவு திறந்து, வாலுக்குப் போய், திரும்பி வந்து வளையமாகச் சுற்றி, அத்தனை சக்தியும் இந்தத் தோப்பின் மேலே நின்ற நேரம். அப்போது பார்க்க வேண்டிய ஆள் இரும்பைச் சுமந்துகொண்டு நடந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணு செய்யலாம்" என்றாள் ஸ்ரீரஞ்சனி. குரல் தழைந்திருந்தது. "யு.பி.எஸ். பேட்டரி போயிடுச்சுன்னு எழுதிடுங்க. அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு வேற எழுதுங்க. நானும் அதையே சொல்றேன். நீங்களா நிறுத்தினீங்கன்னு தெரிஞ்சா உங்களை வச்சிருக்க மாட்டாங்க."

மாடக்கண்ணு பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினேழு வருஷத்தில் அதில் ஒரு பொய் ஏறியதில்லை. போலீஸும் ராணுவமும் அவரை எடுத்துக்கொள்ளவில்லை, அந்தப் புத்தகம் எடுத்துக்கொண்டது. காலையில் எழுதியதன் கீழேயே எழுதினார்: "மேற்கண்டது தவறு. இரும்புக் குறுக்கீடு இல்லை. புயல் என்று அறியாமல், கோபத்தில், நானே நிறுத்தினேன்." கோபத்தில் என்ற சொல்லை எந்த அலுவலகம் கேட்டது? அவர்தான் எழுதினார்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே சொன்னார். "அண்ணே, அரிவாள் மேல தப்பில்ல. சூரியப் புயலாம். நான் கொண்டுவந்து நட்டுருதேன்."

முப்பிடாதி வெளியே வந்தார். காலையில் குனிந்த தலை இப்போது நிமிர்ந்திருந்தது.

"சாமி மேல தப்பில்லன்னு மெஷின் வந்து சாட்சி சொல்லணுமோ? பிடுங்குன கையால திரும்ப நடக் கூடாது. கோயில் பக்கம் வராத. தள்ளி நில்லு."

ஆறு மாதத்தில் நிறுவனம் கருவியைக் கழற்றிக்கொண்டு போனது. ஸ்ரீரஞ்சனி எவ்வளவோ வாதாடினாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! காவலாளே இல்லாத தானியங்கிப் பெட்டியாக வேறு மாவட்டத்தில் வைத்துவிட்டார்கள். செம்பு ஆணி அறைந்த கல் அறையைக் குடும்பம் திரும்ப எடுத்துக்கொண்டது. இப்போது அதில் கொடைப் பந்தலுக்கான இரும்புக் குழாய்களையும் அண்டா, அடுப்புகளையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஊருக்கு இது வேறு கதை. அரிவாளைப் பிடுங்கினான், பூதத்தார் ஆறே மாதத்தில் ஆபீஸையே பிடுங்கி எறிந்துவிட்டார். சங்கரேஸ்வரி இதைக் கண்ணால் பார்த்த மாதிரி சொல்லுவாள். கோயிலுக்குக் கூட்டம் கூடியது. வீரகேரளம்புதூரிலிருந்தெல்லாம் வந்து அரிவாள் நேர்ந்தார்கள். மாடக்கண்ணு டீக்கடையில் இரண்டு மூன்று தடவை, "சாமி ஒண்ணும் செய்யல வேய், நான்தான் செஞ்சேன். சூரியன்ல இருந்து காத்து வந்துச்சு, அது தெக்க பாத்துத் திரும்பிச்சு..." என்று ஆரம்பித்தார். மரியாதைக்குக் கேட்டுவிட்டு, "ஆமா ஆமா, தெய்வக் குத்தம்" என்று முடித்துவிடுவார்கள். அப்புறம் அவர் சொல்வதை விட்டுவிட்டார்.

மறுவருஷக் கொடைக்கு முத்துச்செல்விதான் காலில் விழாத குறையாக அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். முப்பிடாதிக்குச் சாமி வந்து ஆடினார். சங்கிலியைச் சுழற்றிக்கொண்டு வந்து தம்பி முன்னால் நின்றார். மேளம் நின்றது. கைநிறையத் திருநீற்றை அள்ளி மாடக்கண்ணு நெற்றியில் அப்பி, "மன்னிச்சேன், போ!" என்றார்.

பெண்கள் குலவையிட்டார்கள். மாடக்கண்ணு முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அந்தப் பதிவில் ஆறரையிலிருந்து ஒன்பதேகால் வரை ஒன்றுமில்லாமல் வெள்ளையாகக் கிடக்கிற இடம்தான் அவர் கண்ணுக்குள் நின்றது. அதற்கு மன்னிப்புக் கொடுக்க அங்கே யாரும் இல்லை. பக்தியில் அழுகிறார் என்று நினைத்து, நாலு பேர் வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது முத்துச்செல்வி முந்தானையால் அவர் முகத்துத் திருநீற்றைத் துடைத்துவிட்டாள்.

"அழுதது நல்லதுக்குத்தான். சாமிக்கே மனசு எறங்கிட்டு, பாத்தீங்களா."

"எனக்கு எறங்கலியே, செல்வி" என்றார் மாடக்கண்ணு.